கதைக்குள் எத்தனை அப்புறம்

ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குக் கதை தெரியாது என்று நினைப்பவர்கள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் பள்ளி வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ராத்திரி கரண்ட் போனது, கண்மாயில் சாரைப்பாம்பு வந்தது, மாமா வண்டியோடு விழுந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு கதை காதில் விழுந்துவிடும். அதே பிள்ளையை உட்காரவைத்து, நோட்டைக் கொடுத்து, "ஒரு கதை எழுது" என்று சொல்லுங்கள். பென்சிலைக் கடித்துக்கொண்டு மேலே ஓடும் ஃபேனைப் பார்க்கும்.

சிவகங்கைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிப்பதில்லை. கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று உட்காரவைக்கிறோம். பெயரென்னவோ அழகுதான். ஓர் ஆசிரியரே மூன்றையும் பார்க்கும் நாளில் அரும்பு அழும், மொட்டு அடித்துக்கொள்ளும், மலர் கோள்மூட்ட வரும். இதற்கு நடுவில்தான் கதை எழுத வேண்டும்.

சொல்லத் தெரிந்த பிள்ளை எழுத உட்கார்ந்ததும் ஏன் திணறுகிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். கொக்கு என்று எழுதப்போகிறாள் ஒருத்தி. வாய் முதலில் 'க்' என்கிறது. கை 'க' போட்டுவிடுகிறது. ஆனால் கொம்பு அதற்கு முன்னால் வர வேண்டும். இடப்பக்கம் பார்க்கிறாள், அங்கே மார்ஜின் கோடு. அழிக்கிறாள். எச்சில் தொட்டு அழித்ததில் தாள் கிழிகிறது. மறுபடி கொம்பு, க, பிறகு கால். இந்தப் பாட்டை முடித்து நிமிரும்போது, கொக்கு எதற்காகக் கதைக்குள் வந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருக்கும். பிள்ளைகளுக்குப் பிடித்த கொக்கு, கோழி, பேய், பொம்மை எல்லாமே கொம்போடு வருவது யார் செய்த சதியோ!

ஆகவே முதல் பருவத்தில் அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சிகாகோவில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுப் பள்ளியில் மழலையர் வகுப்பு நடத்திய விவியன் பேலி இதைத்தான் செய்தார். பிள்ளை சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். பிறகு மொத்த வகுப்பும் அந்தக் கதையை நடித்துப் பார்க்கும். 1981இல் வெளிவந்த 'வாலியின் கதைகள்' முழுக்க அப்படிப்பட்ட பிள்ளைகளின் பேச்சுதான். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு பிள்ளையும் கேட்கிற சொல்லை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்து வாசிப்பைத் தொடங்கினார். நம் ஊர் ஆசிரியர்களுக்கு இவர்களைவிட நெருக்கமானவர் குஜராத்தின் கிஜுபாய் பதேகா (1885–1939). அவருடைய 'பகல் கனவு' நூலில் வரும் ஆசிரியர் நாலாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பாடப் புத்தகத்தைத் தொடாமல் கதை சொல்லத் தொடங்கிவிடுவார். பக்கத்து வகுப்புக்காரர்கள் முகம் சுளிப்பதும் அந்த நூலில் உண்டு. இன்றைக்கும் சுளிக்கிறார்கள்.

நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்ன கதை இது: "எங்க ஆடு குட்டி போட்டுச்சு. ரெண்டு. ஒண்ணு செத்துப்போச்சு. அப்பத்தா அழுதுச்சு. நான் அழுகல." அப்புறம் என்று கேட்டேன். "அம்புட்டுத்தான் டீச்சர்." 'போச்சு' என்பதைப் 'போயிற்று' ஆக்கியிருந்தால் அது அவன் வீட்டு ஆடாக இருந்திருக்காது. அடுத்த நாள் அந்தத் தாளை அவன் எழுத்துக்கூட்டி வாசிக்கவில்லை. மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே விரலை ஓட்டினான். 'ஒண்ணு' வரும் இடத்தில் விரல் 'ரெண்டு' மேல் இருந்தது. நின்றான். திரும்ப முதல் வரியிலிருந்து வந்தான். அந்த வாரத்தில் அவன் உருப்படியாகச் செய்த வாசிப்புப் பயிற்சி அதுதான்.

இப்படியே எழுதிக்கொடுத்தால் நல்ல தமிழ் எப்போது வரும் என்று கேட்கிற ஆசிரியர்கள் உண்டு. அது வாசித்துக் காட்டுகிற கதைகளிலிருந்து தானாக ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளின் காது நாம் நினைப்பதைவிடக் கூர்மை. அதே பையன் வேறொரு நாள் சொன்ன கதையில் ஆடு குட்டி போட்டுச்சு, தண்ணி குடிச்சுச்சு என்றெல்லாம் வந்துகொண்டிருந்தது. கண்மாய்க் கரைக்குப் போனதும் ஆடு பறக்க ஆரம்பித்தது. அந்த இடத்தில் "பறந்துச்சாம்" என்றான். அதற்குமேல் எல்லாமே '-ஆம்'தான். கண்ணால் கண்டதை ஒரு விதமாகவும் கட்டிய கதையை வேறு விதமாகவும் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அப்பத்தாக்கள் நடத்தியிருக்கிறார்கள்.

நடிக்கவைப்பதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். இந்த வயதுக் கதை பெரும்பாலும் 'அப்புறம்' போட்டுக் கோத்த சங்கிலி. அப்புறம் நாய் வந்துச்சு, அப்புறம் பூனை வந்துச்சு, அப்புறம் மினி பஸ் வந்துச்சு. வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று கதாசிரியருக்கே தெரியாது. ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமியின் கதையில் நாயாக நடிக்க ஒருவன் நாலு காலில் தவழ்ந்து வந்தான். வந்தவனுக்கு வேலை இல்லை. "நான் என்ன செய்யணும்?" என்று கத்தினான். "சும்மா நில்லு." "சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்ட?" நல்ல கேள்வி. தன் இடத்துக்குப் போய், நாய் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியதாக இரண்டு வரி சேர்த்தாள். சங்கிலி அறுந்து அங்கே ஒரு சிக்கல் முளைத்தது. சிக்கல் வந்ததும் துரத்த ஆள் வேண்டியிருந்தது, முடிவும் வேண்டியிருந்தது. நான் சிவப்பு மையில் 'இன்னும் விரிவாக எழுது' என்று நூறு தடவை போட்டாலும் இது நடந்திருக்காது.

எழுத்துப்பிழையும் இப்படித்தான் ஓரளவு குறைகிறது. கதைத் தாள்களைச் சணல் கயிற்றில் மாட்டிவைப்போம். மற்ற பிள்ளைகள் எடுத்துப் படிப்பார்கள். 'மறம்' என்று எழுதியிருந்தவனிடம் "இது என்னடா?" என்று இன்னொருவன் கேட்டதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதும்போதே, "டீச்சர், இதுக்குச் சின்ன ரவா, பெரிய றவா?" என்று கேட்கிறான். பள்ளியைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி, திருத்தாத தாளை எதற்குத் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். பார்வைக் குறிப்பேட்டிலும் எழுதிவிட்டுப் போனார். அவர் கதைகளைப் படிக்கவில்லை, பிழைகளைத்தான் எண்ணினார்.

எனக்குத் தீராத சண்டை, 'குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக' என்ற கேள்வியோடுதான். காகம், தாகம், குடம், கூழாங்கல் என்று நடுநடுவே கோடு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கதையில் நடப்பதெல்லாம் கேள்வியிலேயே நடந்து முடிந்துவிடும். பிள்ளைக்கு மிச்சம் இருப்பது வினைச்சொல் போடும் வேலை மட்டும். கடைசியில் 'நீதி' என்று ஒரு வரி வேறு. அதற்கு மதிப்பெண் உண்டு என்பதால் பிள்ளைகள் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கதைக்கும் அதைப் போட்டுவிடுகிறார்கள். செத்துப்போன ஆட்டுக்குட்டியின் கதையை மூன்றாம் வகுப்பு வந்தபிறகு அந்தப் பையனே தன் கையால் எழுதினான். அடியில், 'நீதி: ஒற்றுமையே பலம்.'

நாய்க்கதைக்காரச் சிறுமி மட்டும் எழுதி முடித்துவிட்டு வந்து, "நீதி எழுதணுமா டீச்சர்?" என்று கேட்டாள். உனக்கு வேணும்னா எழுது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு குனிந்து எழுதினாள்: 'நீதி: அந்த நாயை சித்தப்பா கட்டிப்போடனும்.'