மேடைக்குக் கூலி இல்லை, தையலுக்கு உண்டு

பரதநாட்டியம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆடிச் சம்பாதித்தது என்று பார்த்தால் ஒரு பைசா தேறாது. ஆடுகிறவர்களுக்கு உடை தைத்துக் கொடுக்கிறேன். அதில்தான் என் குடும்பமும் கடையில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களும் ஓடுகின்றன.

அரங்கேற்றம் முடிந்த பிறகு சில வருடங்கள் சபா சபாவாக ஆடினேன். டிசம்பர் சீசனில் மத்தியான நேரத்தில் ஒரு நிகழ்ச்சி கிடைத்தாலே பெரிய விஷயம். பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் என்று நாலு பேருக்கு ஒத்திகைக்கும் சேர்த்துப் பணம், மேக்கப்காரருக்குத் தனியாக, வண்டி வாடகை, எல்லோருக்கும் டிபன். அவ்வளவும் அப்பாவின் பென்ஷனிலிருந்து போகும். எனக்குக் கிடைப்பது ஒரு பொன்னாடை. ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்து கவர்களைக் கொடுத்து முடித்ததும் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு இங்க வந்தவாள்ல சம்பாதிக்காம வீட்டுக்குப் போறது நீ ஒருத்திதாம்மா." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன். சிரித்துச் சொன்னதால் பதில் தேட வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் மயிலாப்பூரில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். ஒரு மெஷின், ஒரு கட்டிங் மாஸ்டர். எனக்குத் தைக்கத் தெரியாது. ஆனால் உடை எந்த இடத்தில் ஆடவிடாமல் இழுக்கும் என்பது என் இடுப்புக்கும் முழங்காலுக்கும் தெரியும்.

புதிய காஞ்சிபுரம் புடவையை மேஜையில் விரித்து மாஸ்டர் கத்தரிக்கோலை எடுக்கும்போது, வாங்கி வந்த அம்மாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முந்தானையை அவர் முதலில் முன்பக்க விசிறி மடிப்புக்கென்று ஒதுக்கிவிடுவார். மீதியில் பைஜாமா, ரவிக்கை, மேலாக்கு, இடுப்புக்குப் பின்னால் வரும் துண்டு. அரைமண்டியில் உட்கார்ந்தால் விசிறி முழுசாக விரிய வேண்டும், நிமிர்ந்தால் யாரும் தொடாமல் தானே மடிய வேண்டும். மடிப்புகள் ஒன்றுக்கொன்று கால் அங்குலம் மாறினாலும் நடுவில் பிளந்துகொண்டு நிற்கும். வளர்கிற பெண்ணாக இருந்தால் ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டுத் தைப்போம், அடுத்த வருடம் பிரித்து விடலாம். மெஷின் வேலை முடிந்ததும் உடை கடையை விட்டுக் கிளம்பும். ஓரம் மடித்து ஹெம்மிங் போட, ஊக்கு வைக்க, நாடா கோக்க மந்தைவெளியிலும் பட்டினப்பாக்கத்திலும் வீட்டிலிருந்தே செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காருவார்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி.

அந்தப் புடவை என்னிடம் வருவதற்கு முன்பே பல கை மாறியிருக்கும். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. நாட்டியத்துக்கு உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம் என்றுதான் கேட்பார்கள். அதைக் கோர்வையாக நெய்யத் தறியில் ஒருவர் போதாது, பார்டர் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். எதிர்நிறப் பார்டர் மேடையில் எடுப்பாகத் தெரியும் என்று ஒரு டீச்சர் சொல்வதில், காஞ்சிபுரத்தில் இரண்டாவது ஆளுக்கு அன்றைய கூலி இருக்கிறது. நெத்திச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி என்று தலை நகைகளும் அசலாக வேண்டும் என்பவர்கள் நாகர்கோவிலில் உள்ள வடசேரிக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அங்கே வெள்ளியில் சிவப்புக் கெம்புக் கல் பதித்து, பொன் தகடு ஒட்டிச் செய்கிறார்கள்.

இந்தத் தைத்த உடையே பழைய காலத்து வழக்கம் இல்லை. பரதநாட்டியம் சதிர் என்று இருந்த காலத்தில் அதை ஆடிய தேவதாசிகள் புடவையைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறி, அடுத்த வருடமே கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, நடனத்தோடு உடையையும் புதிதாக யோசித்தார். அங்கேயே நெசவுக்கும் தறி போட்டார். அதன் வழி வந்த தொழில்தான் என்னுடையது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சதிருக்குக் கூலி இருந்தது. கோயில் மானியம், கல்யாணக் கச்சேரிப் பணம் என்று ஆடியவளே வீட்டைத் தாங்கினாள். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. அதில் நின்றுபோக வேண்டிய கொடுமைகள் நின்றன, கூடவே அந்த வருமானமும் போயிற்று. பிறகு ஆட வந்த எங்களைப் போன்ற வீட்டுப் பெண்களுக்கு ஆட்டம் கௌரவமாக இருந்தது, சம்பளமாக இல்லை. கௌரவத்துக்குச் செலவு செய்ய அப்பாக்கள் இருந்தார்கள்.

அப்பா அன்று கேலியாகச் சொன்னதற்குப் பதில் எனக்கு 2020இல்தான் முழுசாகப் புரிந்தது. மார்ச்சில் ஊரடங்கு. வெட்டிப் போட்ட பட்டு மேஜையிலேயே கிடந்தது, அமெரிக்காவில் கோடை விடுமுறைக்கு வைத்திருந்த அரங்கேற்றங்கள் வரிசையாகத் தள்ளிப்போயின. அந்த வருட சீசன் ஆன்லைனுக்குப் போய்விட்டது. மேடைதான் எங்களுக்கு ஆதாரம் என்று நினைத்திருந்ததால், கடையை மூடுவதா என்று மாஸ்டரோடு பேசவும் செய்தேன். ஆனால் டீச்சர்கள் ஸூமில் வகுப்பைத் தொடர்ந்தார்கள், சிலரிடம் வெளியூர்ப் பிள்ளைகள் புதிதாகக்கூடச் சேர்ந்தார்கள். முதலில் பிராக்டிஸ் புடவைக்கு ஆர்டர் வந்தது, பின்னால் சலங்கை பூஜைக்கு உடை. எங்களை ஓட்டிக்கொண்டிருந்தது டிக்கெட் வாங்கும் ரசிகர் இல்லை, மாதாமாதம் ஃபீஸ் கட்டும் பெற்றோர். மயிலாப்பூரின் இத்தனை தொழிலும் அந்த ஃபீஸின் மேல்தான் நிற்கிறது.

அதனால் 'படைப்புப் பொருளாதாரம்' என்று யாராவது பெரிதாகப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். 2021ஐ ஐ.நா. சபை அதற்கான ஆண்டாகவே அறிவித்தது. அதற்கு முன்பே, 2017இல், யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சென்னையும் சேர்ந்தது. சந்தோஷம்தான். கலை வேலை கொடுக்கிறது என்பதற்கு நானே சாட்சி. அந்த வேலை யார் கையில் போய்ச் சேருகிறது என்று கேட்டால்தான் சிக்கல். ஆடுகிறவள் பகலில் ஐ.டி. கம்பெனியில் சம்பாதித்து, அதை ராத்திரி ஒத்திகைக்குச் செலவழிக்கிறாள். கையில் பணம் இல்லாதவள் பக்கவாத்தியத்தை விட்டுவிட்டு, பதிவு செய்த பாட்டுக்கு ஆடுகிறாள். அன்றைக்கு மிருதங்கக்காரருக்கு வேலை இல்லை. அவருடைய மிருதங்கத்துக்குத் தோல் மூட்டிக் கொடுப்பவருக்கும் ஒரு வேலை குறைகிறது.

என் கடையிலும் ஒழுங்கு அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை வெளிநாட்டு ஆர்டர், நவராத்திரியிலிருந்து மார்கழி வரை உள்ளூர். அப்போதெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கும் மெஷின் ஓடும். ஆடி மாதம் வந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். விசிறி மடிப்பில் கை தேறிய ஒரு பையன் ஆடை ஏற்றுமதி கம்பெனிக்குப் போய்விட்டான். "அக்கா, அங்க பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கு. இங்க நல்லா தைக்கிறேன்னு நீங்க சொல்றீங்க, பேங்க்காரன் சொல்ல மாட்டேங்கறானே" என்றான். அவன் வீடு கட்டக் கடன் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. கலைச் சேவை என்று நான் என்ன சொல்லி அவனை நிறுத்துவது?

இப்போது மாஸ்டருக்கும் ஹெம்மிங் செய்யும் இரண்டு பெண்களுக்கும் மாதச் சம்பளம் என்று வைத்திருக்கிறேன். ஆடியில் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் பருத்தியில் பிராக்டிஸ் புடவையும் பைஜாமாவும் அளவு வாரியாகத் தைத்து அடுக்குகிறோம். விஜயதசமிக்கு வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கு அவை போய்விடும். போன வருடம் சின்ன அளவுகள் முதலில் தீர்ந்துபோயின. இந்த வருடம் ஆறு வயசு, ஏழு வயசு அளவைக் கூடுதலாக வெட்டச் சொல்லியிருக்கிறேன்.