விசாரிக்க வீடில்லாத துக்கம்

ஒருவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் அவர் வீட்டுக்குப் போய், பேசுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் பேசாமலாவது சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'போய்வருகிறேன்' என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவது நம் பக்கத்து வழக்கம். இந்த வழக்கத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டில் நம்மை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய ஒரு முகமாவது வேண்டும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், உலகத்தின் பல மூலைகளிலும் கணினிக்கு நிரல் எழுதிப் பிழைக்கிற கூட்டத்தாருக்கு ஒரு துக்கம் நேர்ந்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டுமே இல்லை. இறந்தவரை நேரில் பார்த்தவர்கள் சொற்பம். இருந்தும் அந்தத் துக்கம் மெய்யானதாகவே இருந்தது என்பதை, அதில் ஒரு மூலையில் பங்கு கொண்டவன் என்ற முறையில் நான் சொல்ல முடியும்.

இறந்தவர் பிராம் மோலெனார். நெதர்லாந்தில் 1961ஆம் ஆண்டு பிறந்து, டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்று, நிரல் எழுதுவோர் அன்றாடம் கையாளுகிற 'விம்' என்னும் எடிட்டரை உண்டாக்கி, முப்பது வருஷத்துக்கும் மேலாக அதைத் தாமே பேணி வந்தவர். ஆகஸ்டு 3ஆம் தேதி, தமது 62ஆவது வயதில் காலமானார். கடைசிச் சில வாரங்களில் நோய் அதிவேகமாக முற்றிவிட்டது என்று இரண்டு நாள் கழித்துக் குடும்பத்தார் அறிவித்தார்கள். விம்மைச் சுற்றி உருவான சமூகத்தைக் குறித்து அவருக்கு மிகுந்த பெருமை இருந்தது என்று அதில் எழுதியதோடு, இறுதிச் சடங்கு நெதர்லாந்தில் டச்சு மொழியில் நடைபெறும் என்றும், வர விரும்புகிறவர்கள் தெரிவிக்கலாம் என்றும் சேர்த்திருந்தார்கள். முன்பின் அறியாத ஜனங்களைத் தங்கள் வீட்டுத் துக்கத்துக்குக் கூப்பிட்ட அந்தப் பெருந்தன்மை ஒரு புறம் இருக்க, தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள் பாஷை புரியாமல் விழிக்கக் கூடாதே என்ற கரிசனத்தையும் அந்த ஒரு வரியில் நான் கண்டேன்.

விம் சூனியத்திலிருந்து உதித்த வஸ்து அன்று. பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் 1976ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய 'வி' என்ற எடிட்டரே அதன் மூதாதை. எழுத்துக்கள் கம்பி வழியே மெல்ல ஊர்ந்து வந்து திரையில் சேர்ந்த காலம் அது. அம்புக்குறிகளுக்கென்று தனி விசை இல்லாமல், எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துக்களின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்த ஒரு முனையத்தில் பில் ஜாய் வேலை செய்தார். அதனால் இன்றைக்கும் விம்மில் இடமும் கீழும் மேலும் வலமும் நகர்வதற்கு அந்த நான்கு விசைகளே பிரமாணம். 1988இல் பிராம் அமிகா கணினியில் வேலை செய்யத் தொடங்கியபோது, நல்லதொரு 'வி' அதற்கு இல்லாத குறையைப் போக்குவதற்காக, அட்டாரிக் கணினிக்கென்று பிறர் எழுதியிருந்த 'ஸ்டீவி' என்ற நிரலை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். 1991இல் அது பொதுவில் வெளியாயிற்று.

இந்த எடிட்டரில் விசைப்பலகைக்கு இரண்டு ஸ்வபாவம். ஒரு நிலையில் அழுத்தின எழுத்து எழுத்தாகவே விழும். எஸ்கேப் விசையைத் தட்டிவிட்டாலோ ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆக்ஞையாகிவிடும். 'டி'யை இருமுறை தட்டினால் ஒரு வரி போய்விடும், 'யு'வைத் தட்டினால் போன வரி திரும்பிவிடும், முற்றுப்புள்ளியைத் தட்டினால் கடைசியாகச் செய்த மாற்றம் மறுபடி ஒரு முறை நடக்கும். புதிதாக வருகிறவனுக்கு இது சித்திரவதை; பழகியவனுக்கோ வேறு எதிலும் கை ஒட்டாது. எந்தக் காரியத்தில் நேரம் வீணாகிறது என்று கவனித்து, அதற்குச் சுருக்கமான வழியைத் தேடி, அந்த வழி யோசனையின்றி வரும்வரை அப்பியாசம் செய்ய வேண்டும் என்று, உரையைத் திருத்துகிறவர்களுக்கான ஏழு பழக்கங்களைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில் பிராம் போதித்தார். அந்தப் போதனை பலித்துவிட்டது. பெரிய மனிதர் ஒருவர் மறைந்தால் அவருடைய அபிப்பிராயங்கள் நம் அறிவில் தங்கியிருப்பதாகச் சொல்கிறோம். இவருடைய தீர்மானங்களோ எங்கள் விரல்களில் போய்த் தங்கிவிட்டன. மின்னஞ்சல் எழுதுகிற பெட்டியிலும் என் இடது கை எஸ்கேப் விசையைத் தேடுகிறது. அவருக்கு எழுதப்பட்ட அஞ்சலிகளில் ஒரு பகுதியாவது விம்மிலேயே எழுதப்பட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விம்மைப் பற்றிய பழைய பரிகாசம், அதிலிருந்து வெளியே வரத் தெரியாது என்பது. வெளியேறும் வழி கேட்டு ஒருவர் எழுதிய கேள்வியை 2017ஆம் ஆண்டுக்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் ஜனங்கள் பார்த்திருந்தார்கள் என்றால், அந்தப் பரிகாசத்தில் உண்மை எவ்வளவு என்பது விளங்கும். மரணச் செய்தி வந்ததும், எழுதியதைச் சேமித்துவிட்டு வெளியேறுவதற்கான கட்டளையையே, 'கோலன், டபிள்யூ, க்யூ' என்று மூன்று குறிகளாக, அஞ்சலிக்குப் பதிலாகப் பலர் எழுதிவைத்தார்கள். விடைபெறும் வார்த்தையையே வாய்விட்டுச் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்த எனக்கு முதலில் அது உறுத்தியது. ஆனால், பொதுவாக வேறு பாஷை இல்லாதவர்கள், தங்களுக்கும் இறந்தவருக்கும் பொதுவாயிருந்த ஒரே பாஷையில் பேசினார்கள். அதை விளையாட்டு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விதமாகவும் அவர்கள் துக்கம் விசாரித்தார்கள். நான் அதிகமாக மதிப்பது அதைத்தான். விம்மை வெறுமையாகத் திறந்தால் தோன்றும் முதல் திரையில், பதிப்பு எண்ணுக்கும் ஆசிரியர் பெயருக்கும் கீழே, உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றொரு வரி பல்லாண்டுகளாக இருந்து வந்தது. பிராம் 1994ஆம் ஆண்டு தெற்கு உகாண்டாவில் கிபாலே என்ற ஊருக்குப் போய், அங்கிருந்த குழந்தைகள் நிலையத்துக்காகக் குடிநீர், சுகாதார வசதிகளைச் செய்துகொடுக்கும் பொறியியலாளராக ஒரு வருஷம் தொண்டு செய்தவர். எய்ட்ஸ் நோய் பெற்றோரை வாரிக்கொண்டுபோன பிரதேசம் அது. ஊர் திரும்பியபின் அந்தக் குழந்தைகளின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் பணம் திரட்ட 'ஐ.சி.சி.எஃப் ஹாலந்து' என்ற அறநிலையத்தை ஏற்படுத்தி, விம்மை யாரும் இலவசமாக உபயோகிக்கலாம், கொடுக்க மனமிருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று உரிமப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார். தினந்தோறும் திறக்கிற திரையில் அந்த வரியைப் படித்தும் படிக்காதவர்களாகக் கடந்து சென்ற எத்தனையோ பேர், அவர் போன செய்தி கேட்ட பிறகு அந்த அறநிலையத்துக்குப் பணம் அனுப்பினார்கள். மலர்வளையத்துக்கு விலாசம் தெரியாவிட்டாலும், இதற்கு விலாசம் எல்லோரிடமும் ஏற்கெனவே இருந்தது.

புகழுரைகளில் எல்லாவற்றையும் மெழுகிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பிராம் தம் நிரலை மிகுந்த கண்டிப்போடு காவல் காத்தவர். பிறர் அனுப்பும் திருத்தங்கள் எல்லாம் அவர் கை வழியாகவே உள்ளே போக வேண்டும். 2006 முதல் 2021 வரை சூரிக் நகரத்தில் கூகிளில் உத்தியோகம் பார்த்த காலத்திலும் நேரத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கிக்கொண்டார். இந்த ஏகாதிபத்தியத்தினால் விம்முக்கு ஒரு சீரும் நிதானமும் கிடைத்தன. தாமதமும் அதிருப்தியும் அதனால்தான் விளைந்தன. பொறுமை இழந்த சிலர் 2014இல் மூலத்தைப் பிரதியெடுத்துக்கொண்டு 'நியோவிம்' என்று தனிக்குடித்தனம் போனார்கள். அவர்கள் கேட்ட வசதிகளில் முக்கியமான சில, இரண்டு வருஷம் கழித்து வந்த விம் 8.0 பதிப்பில் இடம் பெற்றன. பிரிவினை நடந்திராவிட்டால் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் நியோவிம்மில் எழுதுகிறவனுடைய விரல்களும் பிராம் பழக்கிய விரல்களே ஆதலால், துக்கத்தில் இரண்டு வீட்டாருக்கும் பேதம் இருக்கவில்லை.

ஒருவர் கையிலேயே இருந்த பொறுப்பு அவர் போன அன்று எங்கே போகும் என்ற பயம் அந்த நாட்களில் எல்லோருக்கும் இருந்தது. நீண்ட காலமாகத் திருத்தங்கள் அனுப்பி வந்த கிறிஸ்டியான் பிராபாண்ட் தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள, மற்றவர்கள் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள, காரியங்கள் மீண்டும் நடந்தன. விம்முக்கென்று பிராம் அமைத்த நிரல்மொழியில் வகுப்புகளையும் பொருள்களையும் புகுத்தும் வேலை அவர் தொடங்கி முடிக்காமல் விட்டுப்போனது. அதை மற்றவர்கள் எடுத்துச் செய்தார்கள். தம்முடைய 9.0 பதிப்பை 2022ஆம் ஆண்டு பிராம் வெளியிட்டபோது, விம்முக்கு முதல் வலைத்தளத்தை அமைத்துக் கொடுத்து அவ்வாண்டு பிப்ரவரியில் மறைந்த நண்பர் ஸ்வென் குக்கெஸுக்கு அதைச் சமர்ப்பித்திருந்தார். அடுத்த பதிப்பான 9.1, 2024 ஜனவரி 2ஆம் தேதி வெளிவந்தது. அது பிராம் மோலெனாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது.