மார்கழியில் இறக்கிய கியர் பாக்ஸ்

ஜனவரி 3, 2024, புதன்

வேலூர் டாக்டரின் பென்ஸ் ஈ 420 காலையில் ரெக்கவரி வண்டியில் எங்கள் திருவண்ணாமலைப் பட்டறைக்கு வந்து இறங்கியது. 1997 மாடல். அவருடைய மாமனார் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த வண்டி. 4.2 லிட்டர், எட்டு சிலிண்டர், 279 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் இழுவை. 1989-இல் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த சாபர் சி 9 காரில் இருந்ததும் இதே எம் 119 குடும்பத்து என்ஜின்தான். பானெட்டைத் திறந்து, என்னிடம் வேலை பழகும் தம்பிக்கு இதைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தான்.

என்ஜினில் குறையில்லை. நோவு முழுக்க ஆட்டோமேடிக் கியர் பாக்ஸில். குளிர்ந்த வண்டி ஒழுங்காக ஓடுகிறது. சூடேறிய பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் இடத்தில் என்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை, பிறகு ஒரு ஜெர்க்கோடு பிடிக்கிறது. அப்படியே ஓட்டினால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக இரண்டாம் கியரில் பூட்டிவிடுகிறது. வேலூர் வெயிலில் இரண்டாம் கியரில் ஊர்ந்து வீடு சேர்ந்திருக்கிறார்.

"புதுப்பேட்டையில செகண்ட் ஹேண்ட் பாக்ஸ் கிடைக்குமாமே அண்ணே, அதையே போட்டுடலாமா?" என்று போனில் கேட்டார்.

"கிடைக்கும் டாக்டர். அதுக்குள்ள என்ன இருக்குன்னு விக்கிறவருக்கும் தெரியாது, வாங்குற நமக்கும் தெரியாது. உங்க பாக்ஸைப் பிரிச்சா ஒவ்வொண்ணையும் கண்ணால பார்க்கலாம்."

சரி என்றார். மனசுக்கு நிறைவாக இருந்தது. இந்த மாதிரி வேலைக்குச் சம்மதிக்கிற ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஜனவரி 4, வியாழன்

மாணிக்கவாசகர் கோயில் பக்கமிருந்து திருவெம்பாவை ஒலிபெருக்கியில் கேட்க ஆரம்பித்ததுமே பட்டறையைத் திறந்தாகிவிட்டது. மலை பனியில் மறைந்திருந்தது.

ஆயில் பானைக் கழற்றினேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுப்புக் காபி நிறத்தில் வந்தது. கருகின வாடை. பானின் மூலையில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறச் சாந்து அப்பியிருந்தது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன், மழமழவென்று இருந்தது. நறநறவென்று இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கும். இது டிஸ்க் தேய்ந்த சாந்து.

722.6 என்ற இந்த ஐந்து கியர் பெட்டி வந்த காலத்தில் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்றுதான் கணக்கு. காரில் டிப் ஸ்டிக்கே வைக்கவில்லை. குழாயும் பூட்டு வைத்த மூடியும் மட்டும்தான். பின்னாளில் அந்தக் கணக்கு மாறி, சுமார் 60,000 கி.மீ.க்கு மாற்றச் சொன்னார்கள். இந்த வண்டிக்கு அந்தச் செய்தி வந்து சேரவேயில்லை. நம் ஊர் வெயிலும் நெரிசலும் ஆயிலுக்கு இரட்டை வேலை. ப்ரேக்கை மிதித்தபடி கியரில் நின்றால் டார்க் கன்வெர்ட்டருக்குள் என்ஜின் கடைந்துகொண்டே இருக்கிறது, அந்த உழைப்பெல்லாம் ஆயிலில் சூடாக இறங்குகிறது. ஆட்டோமேடிக்கைக் கொல்வது வேகம் இல்லை, சூடு. பௌர்ணமி நெரிசலில் ஊரும் வண்டியைவிட நெடுஞ்சாலையில் 120-இல் போகும் வண்டியின் பெட்டி நிம்மதியாக இருக்கும்.

பெட்டியின் பக்கவாட்டில் உள்ள 13 பின் பிளக்கிலும் ஆயில் கசிவு. இந்தக் கசிவை விட்டுவைத்தால் ஒயருக்குள்ளேயே ஏறி மேலே கம்ப்யூட்டர் வரை போய்விடும். அங்கேயும் திறந்து பார்த்தேன். ஈரம் எட்டியிருந்தது, போர்டு கெடவில்லை. துடைத்துக் காயவைத்தாயிற்று.

டில்லி கஷ்மீரி கேட் வியாபாரியிடம் டிஸ்க், சீல், கண்டக்டர் பிளேட் எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 6, சனி

பெட்டியை இறக்கினோம். சைலன்சர் குழாய், வெப்பத் தகடு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், குறுக்குச் சட்டம், கன்வெர்ட்டர் போல்ட்டுகள். கன்வெர்ட்டர் பெட்டியோடு சேர்ந்தே வர வேண்டும். என்ஜின் பக்கம் தங்கிவிட்டால் பம்ப் நாசம். ஜாக்கியில் மெதுவாகத்தான் இறங்கியது.

ஜனவரி 8, திங்கள்

விடாத மழை, பள்ளிக்கூடங்களுக்கு லீவு. தகரத்தில் கொட்டிய சத்தத்தில் பேச முடியவில்லை. பெட்டியைப் பிரிக்க நல்ல நாள்.

தம்பி இதுவரை மேனுவல் பாக்ஸ்தான் பார்த்திருக்கிறான். பிளானெட்டரி செட்டைக் கையில் கொடுத்தேன். நடுவில் சன் கியர், சுற்றிலும் பிளானெட் கியர்கள், வெளியே பல் வெட்டிய வளையம். "எப்படிண்ணா இது சுத்துது?" என்றான். கோயிலில் அங்கப்பிரதட்சிணம் செய்கிறவர் மாதிரி என்றேன்: தன் உடம்பும் உருள வேண்டும், பிராகாரத்தையும் சுற்றி வர வேண்டும். உடனே பிடித்துக்கொண்டான். மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழற்றுகிறோம் என்பதில்தான் கியர் மாறுகிறது. பிடித்து நிறுத்துபவை பி 1, பி 2, பி 3 என்ற ப்ரேக்குகள். இரண்டை ஒன்றாகக் கோர்ப்பவை கே 1, கே 2, கே 3 என்ற கிளட்சுகள். அத்தனையும் ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை.

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கே 3 விடும், கே 2 பிடிக்கும். டாக்டர் சொன்ன நோவு அந்த இடத்தில்தான். எனவே மேலிருந்து பிரித்து வரும்போதே கே 2-க்காகக் காத்திருந்தேன்.

சர்க்ளிப்பை எடுத்து டிஸ்க்குகளை வரிசையாக நியூஸ் பேப்பரில் அடுக்கினேன். முதல் டிஸ்க்கில் காகிதம் போன்ற லைனிங் கறுத்துக் கண்ணாடியாக மின்னியது. மூன்றாவதில் நகத்தால் சுரண்டியதும் லைனிங் செதிலாகப் பெயர்ந்து கீழே தகடு தெரிந்தது. இடையில் வரும் எஃகுத் தகடுகளில் ஊதா நிறத் திட்டுகள், காசு அளவுக்கு. அந்த இடங்கள் எவ்வளவு கொதித்திருக்கும் என்று நிறமே சொல்கிறது. கே 1, கே 3 இரண்டும் தேய்மானம் மட்டும். பல்சக்கரங்கள் எல்லாம் கண் கூசும் அளவுக்குச் சுத்தம். 27 வருட பல்சக்கரம்! ஸ்டுட்கார்ட்டில் இதை வெட்டியவர்களின் வேலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 9, செவ்வாய்

பஸ் ஸ்டிரைக். டார்க் கன்வெர்ட்டரைத் தனியார் பஸ்ஸில் பெங்களூருக்கு அனுப்பினேன். அங்கே லேத்தில் வெட்டித் திறந்து, லாக்-அப் லைனிங் மாற்றி, வெல்டிங் வைத்து, பேலன்ஸ் பார்த்துத் தருவார்கள்.

அனுப்பிவிட்டு வரும்போது மனசு ஆட்டோமேடிக்கையே அசை போட்டது. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் 1940 மாடலிலேயே ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேடிக் பெட்டி வந்துவிட்டது. நம்மிடம் சாதாரணக் குடும்பம் 'ஆட்டோமேடிக்' என்ற சொல்லைப் புழங்கத் தொடங்கியது 2014-இல் மாருதி செலேரியோவின் ஏ.எம்.டி.க்குப் பிறகு. ஏ.எம்.டி. என்பது மேனுவல் பெட்டிதான், கிளட்சை மோட்டார் மிதிக்கிறது. அதைப் பிரிக்கத் தெரிந்தவனுக்கு டார்க் கன்வெர்ட்டர் வைத்த இந்தப் பெட்டி தெரிந்துவிடாது. ஓரகடத்தில் அல்லிசன் கம்பெனி லாரி, பஸ்களுக்கு முழு ஆட்டோமேடிக் பெட்டி செய்கிறது. செய்யும் திறமை நூறு மைல் தூரத்தில் இருக்கிறது. பிரித்துச் சரிசெய்யும் திறமை மட்டும் ஒவ்வொரு ஊரிலும் 'பாக்ஸையே மாத்திடுங்க' என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஐ.டி.ஐ.யில் படிக்கும் பையன்களுக்கு ஒரு பழைய 722.6-ஐ மேசைமேல் வைத்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்கள் கை கற்றுக்கொள்ளும்.

ஜனவரி 13, சனி

இன்புட் ஷாஃப்டும் அவுட்புட் ஷாஃப்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் இடத்தில், இந்த வகையின் ஆரம்பப் பெட்டிகளில் ஒரு புஷ் மட்டும்தான். பின்னால் வந்தவற்றில் ஊசி பேரிங். இதில் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் கையில் ஆடுகிறது. ஊசி பேரிங் வைத்த பிந்தைய ஜோடியைக் கழிவு வண்டியிலிருந்து தேடி வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. இன்று அளந்து பார்த்தேன், கச்சிதம்.

டாக்டரின் மைத்துனர் வந்திருந்தார், இளவயசு. "பிரஷரை ஏத்தி விடுங்கண்ணே, ஒவ்வொரு ஷிஃப்டும் சீட்ல ஒட்டணும்" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அழுத்தத்தைக் கூட்டினால் அடி ஷாஃப்டுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் போகிறது. நான் கூட்டப்போவது தாங்கும் சக்தியை: கே 2-வில் மெல்லிய எஃகுத் தகடுகள் போட்டு ஒரு டிஸ்க் அதிகம், ஊசி பேரிங், தனி ஆயில் கூலர். ஓட்டுகிறவருக்கு எதுவுமே தெரியக்கூடாது, அதுதான் நல்ல ஆட்டோமேடிக்.

ஜனவரி 17, புதன்

நேற்று மாட்டுப் பொங்கல், திருவூடல். அம்மனோடு ஊடி அண்ணாமலையார் தனியாக இன்று கிரிவலம் வந்தார். பட்டறை வாசலைக் கழுவி, கற்பூரம் காட்டி, மதியத்துக்கு மேல்தான் வேலை.

வால்வ் பாடி. வாழையிலை அகல அலுமினியம், உள்ளே வாய்க்கால்கள். அதற்குள் சின்னச் சின்னக் குண்டுகள், பெரும்பாலும் பிளாஸ்டிக், சில எஃகு. எது எந்தக் குழியில் என்பது மாறவே கூடாது. பிரிக்கும் முன் போட்டோ எடுத்து வைத்திருந்தோம். குண்டு நழுவாமலிருக்க வாசலின் தடவினேன். கிரீஸ் தடவினால் கரையாமல் வழியை அடைக்கும். லாக்-அப் சொலினாய்டு மாற்றினேன். வேக சென்சார்கள் உள்ள கண்டக்டர் பிளேட்டும் புதுசு, பிளக்கும் புதுசு.

ஜனவரி 20, சனி

பூட்டும் நாள். புது டிஸ்க்குகள் நேற்றிலிருந்தே புது ஆயிலில் ஊறின. வறட்டு டிஸ்க் போட்டால் முதல் ஓட்டத்திலேயே கருகும்.

கே 2-வின் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்தேன், கொஞ்சம் அதிகம். இதற்கென்றே சர்க்ளிப் பல தடிமனில் வருகிறது. அடுத்த தடிமன் போட்டதும் அளவு நடுவில் வந்து நின்றது. பிறகு காற்றுச் சோதனை. கம்ப்ரெசர் குழாயை ஆயில் துளையில் வைத்து அழுத்தினால் பிஸ்டன் 'டப்' என்று அடைத்துப் பிடிக்க வேண்டும், 'புஸ்' சத்தம் வரக்கூடாது. ஒவ்வொன்றாகத் தம்பியையே செய்யச் சொன்னேன். கே 3-இல் கேட்டது மங்கலான சத்தம். "அண்ணா, இது சரியில்லை" என்றான், நான் சொல்லும் முன்னாலேயே. பிரித்தோம். சீலின் உதடு ஒரு ஓரத்தில் மடங்கியிருந்தது. வேறு போட்டதும் தெளிவாக 'டப்'. இன்றைய நாளில் எனக்குப் பிடித்தது இதுதான். அவன் காது தயாராகிவிட்டது.

ஜனவரி 23, செவ்வாய்

பெட்டி வண்டிக்குள். பெங்களூரிலிருந்து வந்த கன்வெர்ட்டர் பம்பில் முழுசாக உட்கார்ந்ததை அளந்து பார்த்த பிறகே ஏற்றினோம். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரோடு, முன்னால் ஃபேன் வைத்த தனி கூலர் ஒன்றும் சேர்த்தேன். குழாய்களைக் கழுவாமல் விட்டால் பழைய சாந்து புதுப் பெட்டிக்குள் வந்து சேரும், ஆகவே அவையும் கழுவியாயிற்று.

236.14 தர ஆயில். அளவு பார்ப்பது 80 டிகிரியில்தான், என்ஜின் ஓட, லீவர் பார்க்கில். ஸ்கேனரில் சூட்டைப் பார்த்தபடி தனி டிப் ஸ்டிக்கைவிட்டுச் சொட்டுச் சொட்டாகச் சரிசெய்தேன். ஸ்கேனரில் பழைய பழக்கங்களை அழித்தேன். இனி கம்ப்யூட்டர் ஒவ்வொரு கிளட்சும் நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று புதிதாகக் கற்க வேண்டும். அதற்கு மிதமான ஓட்டம் தேவை.

ஜனவரி 25, வியாழன்

பௌர்ணமி, தைப்பூசம். கிரிவலப் பாதையில் வண்டி நகராது. பட்டறை மூடல். வாசலில் தண்ணீர்ப் பந்தல்.

ஜனவரி 28, ஞாயிறு

செங்கம், சிங்காரப்பேட்டை, திருப்பத்தூர் வழியாக ஏலகிரி. டாக்டரே ஓட்டினார், நான் பக்கத்தில் ஸ்கேனரோடு. பொன்னேரியில் மலை ஏறத் தொடங்கியது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்தவை. ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு இறங்கி, வெளியே வரும்போது மூன்றுக்கு ஏற வேண்டும். அதாவது கே 2-வுக்கு வளைவுக்கு வளைவு பரீட்சை. ஔவையார் வளைவைத் தாண்டும்போது டாக்டர் கேட்டார், "அண்ணே, இப்ப கியர் மாறுச்சா?"

"மாறிடுச்சு டாக்டர்."

உச்சியில் ஆயில் சூடு 94 டிகிரி. இறங்கும்போது ரேஞ்சை மூன்றுக்கு வைத்து என்ஜினே பிடிக்கட்டும் என்றேன். பொன்னேரி வந்ததும் படுத்துப் பார்த்தேன். பான் விளிம்பு, பிளக், கூலர் குழாய் எல்லாம் காய்ந்திருந்தன.

டாக்டரிடம் எழுதிக் கொடுத்தது: 1,000 கி.மீ.யில் பானைக் கழற்றிக் காந்தத்தைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு 50,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர். நெரிசலில் வெகுநேரம் நின்றால் லீவரை நியூட்ரலில் வைக்க வேண்டும். நாளை தம்பியும் நானும் பழைய கே 2 டிஸ்க்குகளைப் பலகையில் ஆணியடித்துப் பட்டறைச் சுவரில் மாட்டப்போகிறோம்; அடுத்து வரும் வண்டிக்காரருக்கு ஆயிலைப் பற்றிப் பேச அதுவே போதும்.