எந்தப் பணிக்கு எந்தத் தளம்?

கரமனையில் நாங்கள் குடியேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. வீட்டிலும் சங்கத்திலும் தமிழ், கடைவீதியிலும் அலுவலகத்திலும் மலையாளம் என்று வாழ்க்கையை வகுத்துக்கொண்ட குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எந்த இடத்தில் எந்த மொழி என்பதை நாங்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நாவே அறிந்து நடந்துகொள்கிறது. ஆயினும், எந்தப் பணிக்கு எந்த இயங்குதளம் என்னும் வினா 2025ஆம் ஆண்டின் இறுதியில் என் வீட்டில் எழுந்தபோது நான் திகைத்துத்தான் போனேன்.

கணிப்பொறியின் உறுப்புகளை ஆண்டு, நாம் இடும் வேலைகளை அவற்றிற்குப் பகிர்ந்தளிக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். என் மேசைக் கணிப்பொறி விண்டோஸ் 10இல் இயங்கி வந்தது. அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி அந்தப் பழைய பொறிக்கு இல்லை. “புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் அப்பா, பணம் அனுப்புகிறேன்” என்றான் மஸ்கட்டிலிருக்கும் மகன்.

பொறியை மாற்றுவது எளிது. ஆனால் அதனுள் இருந்தவை, மறைந்த என் மனைவி 2001 முதல் 2007 வரை எழுதி வைத்த கட்டுரைகள். தன் பிறந்த ஊரான நாஞ்சில் நாட்டுச் சிற்றூரையும், புதுமணப்பெண்ணாக இந்நகருக்கு வந்த நாட்களையும் பற்றி அவளே தட்டச்சிட்டவை. தாளில் படி ஏதும் எடுத்து வைக்கவில்லை.

அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் என் மகள் வயிற்றுப் பேத்தி, “எங்கள் பள்ளியில் இருப்பதையே போடலாமே, தாத்தா” என்றாள். கட்டற்ற மென்பொருள் இந்நகருக்குப் புதியதன்று. அவ்வியக்கத்தின் முன்னோடியான ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் இங்கு வந்து, அதன் இந்திய அமைப்பைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும் பிறந்தது. 2017இல் அது ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்கென லினக்ஸைத் தழுவி அமைத்த தளத்தின் புதிய பதிப்பு இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் இயங்கும் என்று 2019இல் அந்நிறுவனம் அறிவித்தது. உரிமக் கட்டணம் இல்லை. தேவைக்கேற்பத் திருத்தியமைக்கத் தடையும் இல்லை. மாணவருக்கு ஏற்ற தளம் எதுவென்று ஓர் அரசு ஆய்ந்து எடுத்த முடிவு அது.

எனக்கு ஏற்றது எது? “அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்னென்ன செய்வீர்கள், தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். எந்தத் தளம் சிறந்தது என்றே எல்லாரிடமும் கேட்டு வந்த நான், இந்த வினாவை என்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. தாளெடுத்து எழுதினேன்: கடிதம் எழுதுதல், நாளேடு படித்தல், மகனுடன் முகம் பார்த்துப் பேசுதல், சங்கக் கணக்கு. முதல் மூன்றிற்கும் லினக்ஸ் போதும். நான்காவது மட்டும் டாலி மென்பொருளில் உள்ளது. அது விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. எனவே கணக்கைச் சங்க அலுவலகத்திலுள்ள விண்டோஸ் பொறிக்கு மாற்றினோம். வீட்டுப் பொறியில், முதலில் எதையும் அழிக்காமல், ஒரு பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்த்தோம்.

எல்லாம் இயங்கின. மனைவியின் கட்டுரையைத் திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற குறிகளும் வரிவரியாக நின்றன. அவளை இரண்டாம் முறை இழந்தவன்போல் அமர்ந்துவிட்டேன்.

பிழை புதிய தளத்தினுடையதன்று. யூனிகோடு பரவுவதற்கு முன் பல தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தன. குறித்த எழுத்துரு இல்லையேல், எந்தத் தளத்திலும் உள்ளிருக்கும் ஆங்கிலக் குறிகளே தெரியும். விண்டோஸில் அவ்வெழுத்துரு இருந்ததால் இத்தனை ஆண்டுகளாக இது எனக்குப் புலப்படவில்லை. எழுத்துரு மாற்றும் மென்பொருளால் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றினோம். ஆங்காங்கே எழுத்துகள் சிதைந்தன. கொம்புகளும் கால்களும் இடம் மாறின.

திருத்துவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. பேத்திக்குப் பள்ளியில் மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டியே படிப்பாள். அவள் உரக்கப் படிக்க, நான் பிழை சொல்ல, அவளே திருத்தினாள். பாட்டி மணக்கோலத்தில் இரயிலிலிருந்து தம்பானூரில் இறங்கி, மொழி புரியாமல் விழித்து நின்ற பகுதி வந்தபோது, படிப்பதை நிறுத்திவிட்டு, “பாட்டிக்கும் அப்படியா?” என்று கேட்டாள்.

அன்பர்களே, வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆளைத் தேர்வதற்கு அவர் சொன்ன நெறி பொறியைத் தேர்வதற்கும் பொருந்தும். தளங்கள் வரும், போகும். செய்ய வேண்டிய வேலையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தளம் தானே தெரிந்துவிடும். அதற்கும் முன்பாக, உங்கள் வீட்டுப் பழைய கோப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள். அவற்றுள் இருப்பது தமிழ்தானா என்பதை, திருத்தித் தர ஆள் இருக்கும்போதே அறிந்துகொள்வது நல்லது.