இசைத்தட்டும் இஸ்னாதும்

இனி வராது என்று உலகம் முடிவு கட்டிய பொருள்களுள் சில, யாரும் எதிர்பாராத வேளையில் மீண்டும் கடைவீதிக்கு வந்து நிற்பதுண்டு. இசைத்தட்டு அத்தகையது. ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது, பின்னர் பாட்டெல்லாம் கைப்பேசிக்குள் அடங்கிற்று. ஆயினும் அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகள் விற்றிருக்க, குறுந்தகடுகளோ 3 கோடியே 30 இலட்சமே விற்றன. விற்ற எண்ணிக்கையில் தட்டு முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை.

இச்செய்தியை நமக்கு அறிவித்தவர், சிறுவயதில் நம்மிடம் ஓதிய ஓர் இளைஞர். திருவொற்றியூரில் கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதுகிறார். ஒருநாள் அஸருக்குப் பின் அகன்ற அட்டை உறையொன்றைக் கையில் ஏந்தி வந்தார். அமெரிக்கத் தென்மாநிலத்துக் குழு ஒன்றின் பழைய தட்டைப் புதிதாக அச்சிட்டிருக்கிறார்களாம். விலையைக் கேட்டோம், தயங்கிச் சொன்னார். ஒரு சிறு குடும்பத்தின் பல நாள் மளிகைக்குப் போதுமான தொகை.

"போனில் சும்மா கிடைப்பதற்கா தம்பி இவ்வளவு?" என்றோம்.

"போனில் பாட்டு மட்டுந்தான் கிடைக்கிறது ஹஜ்ரத். இதில் ஆட்களும் கிடைக்கிறார்கள்" என்றார் அவர்.

அந்த விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. உறையை வாங்கிப் பார்த்தோம். ஆல்மன் சகோதரர்கள் என்னும் குழுவினர் 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பாடியதைப் பதிவு செய்து, அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்ட தொகுப்பு அது. அச்சகோதரருள் மூத்தவர் டுவேன் ஆல்மன் அதே ஆண்டு அக்டோபரில், ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். வயது 24. ஐம்பது ஆண்டு கடந்த பின்னும் யார் யார் எக்கருவியை மீட்டினர் என்பதெல்லாம் பெயர் பெயராக அச்சாகியிருக்கிறது.

நம் கண்ணை நிறுத்தியது முதற்பாட்டின் கீழிருந்த பெயர். வில் மெக்டெல். அவர் குழுவைச் சேர்ந்தவரல்லர்; ஜார்ஜியாவில் பிறந்த, பார்வையற்ற கறுப்பினப் பாடகர். 'ஸ்டேட்ஸ்பரோ புளூஸ்' என்னும் அப்பாட்டை அவர் 1928இல் விக்டர் கம்பெனிக்காகப் பாடிப் பதிவு செய்தார், 1959இல் மறைந்தார். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இக்குழுவின் இளைஞர் அப்பாட்டைப் பெரும் அரங்கில் பாடுகின்றனர். மூலவரின் பெயர் மட்டும் உதிரவில்லை. அப்பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் 1928ஆம் ஆண்டின் குரல்வரை சென்று சேரலாம்.

அரபு மதரஸாவில் ஓதியவர்க்கு இது புதிய செய்தியன்று. ஒரு ஹதீஸ் நம்மை வந்தடையும்போது அதன் வாசகம் மட்டும் வருவதில்லை. இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்னும் இஸ்னாதும் உடன் வருகிறது. அச்சங்கிலியை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே நம் இமாம்கள் மதித்தனர். பாட்டை ஹதீஸோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ணவேண்டா. வாழையடி வாழையாக வந்த சொல்லை அதை உரைத்தவரின் பெயரோடு காப்பது நம் சமுதாயத்தின் குணம் என்பதையே சுட்டுகிறோம். இசைக்கருவி பற்றிய சட்டக் கருத்துகளும் அறிஞர் அறிந்தவையே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் இதற்கெனத் தனி நூற்பகுதியே வகுத்திருக்கிறார்கள். நாம் பேச வந்தது பெயர்களைப் பற்றி.

விக்டர் கம்பெனியின் முத்திரை, ஒலிக்குழாய் முன் அமர்ந்து கேட்கும் நாய். அதே நாய் முத்திரைதான் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' என்று நம் நாட்டிலும் வீடுதோறும் அறிமுகமாயிருந்தது. அத்தட்டுகளைக் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சிட்ட கிராமபோன் கம்பெனிதான் 2000ஆம் ஆண்டு முதல் சரிகம என்று வழங்குகிறது. நாகூர் இ. எம். ஹனீபா (1925–2015) அவர்களின் குரல் தமிழ் முஸ்லிம் இல்லங்களை அடைந்தது இசைத்தட்டின் வழியாகவே. இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் கல்யாணமென்றால் விடியுமுன்னே மைக் செட்காரர் குழாயைக் கட்டிவிடுவார். நோன்புக் காலத்தில் ஸஹர் நேரத்துக்கு எழுப்பியதும் அக்குரலே. ஆலைச் சங்குக்கு எழுந்த இவ்வூரார் அப்பாட்டுக்கும் எழுந்தனர்.

பாடியவரை நாடறியும், எழுதியவரை எத்தனை பேர் அறிவர்? 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாட்டை அறியாத தமிழர் குறைவு. அதை இயற்றியவர் கிளியனூர் அப்துல் சலாம் என்று உடனே சொல்பவர் அதனினும் குறைவு. நாகூர்ப் புலவர் ஆபிதீன் போன்றோர் எழுதிய பாடல்களும் இவ்வாறே பாடகர் பெயரால் மட்டும் வழங்குகின்றன. தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாள், இடமிருந்த அளவுக்கு இப்பெயர்களையும் தாங்கி நின்றது. பாட்டு ஒலிநாடாவுக்கும் பின்னர்க் கைப்பேசிக்கும் படியெடுக்கப்பட்டபோது ஒலி கடந்து வந்தது, தாள் பின்தங்கிவிட்டது. மத்னு வந்தது, ஸனது வரவில்லை.

இளைஞரின் தூண்டுதலால் சென்ற ஷஃபானில் இராயபுரத்தில் ஒரு வீட்டுக்குச் சென்றோம். அவ்வீட்டுப் பெரியவர் முன்பு ஒலிபெருக்கி நிலையம் வைத்திருந்து காலமானவர். இரண்டு சாக்கு நிறையத் தட்டுகள் பரணில் கிடந்தன. எடைக்கு வாங்க ஆள் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்றார் அவருடைய மகனார். ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தோம். அவற்றுள் ஒன்று, தாய்மையின் சிறப்பைச் சொல்லும் பாட்டு. பாடியவர் பெயர் தெரிந்தது. இயற்றியவர் பெயர் இருந்த இடத்தில் தாளே இல்லை. உப்புக்காற்றும் ஈரமும் தின்றுவிட்டன. பாட்டைக் கேட்டோம். அரபுச் சொல்லும் தமிழும் இழைந்து நடந்த நடையில், எழுதியவர் ஓதித் தெளிந்த ஆலிம் என்பது புலனாயிற்று. மண்ணடியிலும் தண்டையார்ப்பேட்டையிலும் முதியவர் நால்வரை விசாரித்தோம். நால்வரும் பாட்டை அறிவர். எழுதியவரை ஒருவரும் அறியார்.

அவருக்காக ஒரு பாத்திஹா ஓத நினைத்தாலும் பெயர் சொல்ல வழியில்லையே என்று நம் நெஞ்சு கனத்தது.

தட்டின் அமைப்பையும் சற்று அறிதல் நன்று. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கால் ஆனது. 1948இல் வந்த 33⅓ சுற்றுத் தட்டும் மறு ஆண்டில் வந்த 45 சுற்றுத் தட்டும் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆனவை. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களைக் கண்டவர் வியக்கலாம்: அப்பொருளின் எடையில் ஏறத்தாழப் பாதி உப்பிலிருந்து பிரித்தெடுத்த குளோரினே. செய்முறையும் திருவொற்றியூர் டயர் ஆலைத் தொழிலாளருக்கு எளிதில் விளங்கும். உலோக அச்சுகளின் நடுவே பொருளை இட்டு, நீராவி வெப்பத்தில் அழுத்தி, குளிர்வித்து எடுப்பர். மூலப் பதிவு கைவசம் இருந்தால் அச்சை எத்தனை முறையும் புதிதாக வார்க்கலாம். மறுபதிப்பு என்பது அதுவே. மூலம் அழிந்தால், எங்கோ ஒரு வீட்டில் தப்பிப் பிழைத்த தட்டே மூலமாகிவிடும். ஹாலிவுட்டில் 2008இல் யுனிவர்சல் நிறுவனத்தின் சேமிப்பகம் தீப்பற்றியபோது பெருந்தொகையான மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே அந்நிலையென்றால் நம் பரண்களின் மதிப்பை நாமே உணர்தல் வேண்டும்.

சட்டமும் ஒரு வகையில் துணை நிற்கிறது. நம் நாட்டில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளோடு முடிகிறது. பாட்டின் உரிமையோ கவிஞர் மறைந்து 60 ஆண்டுவரை அவர் வாரிசுகளுக்கு உண்டு. மறுபதிப்புச் செய்ய முன்வருவோர் அவ்வாரிசுகளைத் தேடவேண்டும். கவிஞரின் பெயரே தெரியாதபோது யாரிடம் இசைவு கேட்பது? பெயரை இழப்பது ஹக்கை இழப்பதாகவும் முடிகிறது.

ஆகவே வாசக அன்பர்கள் தத்தம் வீட்டுப் பரணை ஒருமுறை நோக்குமாறு வேண்டுகிறோம். தட்டு கிடைத்தால் எடைக்குப் போடுமுன் நடுத்தாளில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: பாட்டு, பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர், தட்டின் எண். தாள் அழிந்திருந்தால் பாட்டு முடிந்தபின் வரும் வெற்றுப் பகுதியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே பொறித்த எண் இருக்கும். அதே எண்ணுள்ள வேறொரு தட்டு எங்கேனும் கிடைத்தால் இழந்த பெயர் மீளலாம். தட்டுகளை அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் வெப்பமும் வளைத்துவிடும். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படலாகாது, அரக்கு கரையும்.

இராயபுரத்துச் சாக்குகள் இரண்டும் இப்போது எடைக்குப் போகவில்லை. இளைஞர் ஞாயிறுதோறும் சென்று எழுதிவருகிறார். தாய்மையைப் பாடிய அந்தக் கவிஞரின் பெயருக்கென நோட்டில் ஒரு வரி காலியாக இருக்கிறது. அறிந்தவர் எவரேனும் இவ்விதழுக்கு எழுதினால் அவ்வரியை நிரப்புவோம். பெயர் நமக்கு மறைந்தாலும் அல்லாஹ்விடம் மறைவதில்லை. அன்னாரின் கப்றை அவன் ஒளிமயமாக்குவானாக, ஆமீன்.