திருகு இல்லாத அடுப்பு

எளிமையைப் புகழும் விமர்சனங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. எளிமை என்றால் சிரமத்தைக் குறைப்பது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். சென்ற மாதம் காலிக் குளிர்பான டப்பாக்களைக்கொண்டு ஒரு ஸ்பிரிட் அடுப்பு செய்தேன். சந்தேகம் உறுதிப்பட்டுவிட்டது.

இந்த அடுப்பு அமெரிக்க நெடுநடைக்காரர்களிடையே பரவியது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாக, சுமார் 3500 கிலோமீட்டர் போகும் அப்பலாச்சியன் பாதையில், முதுகுச் சுமையை கிராம் கணக்கில் குறைத்துக்கொண்டு நடப்பவர்கள் அவர்கள். கொள்கை பழையது. 1951ல் ஸ்வீடனின் டிராங்கியா நிறுவனம் கொண்டுவந்த பித்தளை பர்னரும் இதே இரட்டைச் சுவர்தான். அதை, எறியப்பட்ட அலுமினியத்தில் திரும்பச் செய்தார்கள்.

வேண்டியவை கத்தரிக்கோல், ஊசி, பொறுமை. இரண்டு டப்பாக்களின் அடிப்பாகங்களை ஒன்றரை அங்குல உயரத்தில் வெட்ட வேண்டும். ஒன்றின் நடுக்குழியை அகற்றிவிட்டு, விளிம்பைச் சுற்றி ஊசியால் துளைகள் இட வேண்டும். மிஞ்சிய தகட்டில் ஒரு வளையம் செய்து, அதன் அடியில் சிறு வெட்டுகள் விட்டு, இரண்டுக்கும் நடுவே நிறுத்தி, ஒன்றை மற்றதில் அழுத்திச் செருக வேண்டும். மொத்தம் 20 கிராம்கூட இல்லை.

பற்றவைத்ததும் சுடர் நடுவில் மட்டும் எரிகிறது. ஒரு நிமிஷத்தில் சுவர்களுக்கிடையே உள்ள ஸ்பிரிட் கொதித்து, ஆவி துளைகளை நாடி, வளையமாகப் பற்றிக்கொள்கிறது. 30 மில்லியில் அரை லிட்டர் தண்ணீர் கொதித்துவிடும்.

திருகு கிடையாது. கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஊற்றியது தீரும்வரை எரியும். ஆகவே தீர்மானங்கள் எல்லாம் நெருப்புக்கு முன்பே. பகலெல்லாம் பிறர் பணத்தை எண்ணுகிற எனக்கும் அந்த 30 மில்லியை அளக்கும்போது கை தயங்கியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காடுகளில், தீ அபாய மாதங்களில், திருகு உள்ள அடுப்புகளுக்கு மட்டுமே பல இடங்களில் அனுமதி. நியாயம்தான்.

பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரிவதில்லை. புகை இல்லை, கரி இல்லை. அணைந்துவிட்டதென்று நம்பி மறுபடி ஊற்றுகிறவன் கையோடு புட்டியும் பற்றிக்கொள்ளும். சற்று உயரத்தில் உள்ளங்கையைக் காட்டித்தான் நெருப்பு இருக்கிறதா என்று அறிய வேண்டும்.

ஸ்பிரிட்டை பெயிண்ட் கடையில் வாங்கினேன். மரத்துக்கு பாலிஷ் போடவா என்று கடைக்காரர் கேட்டார், அடுப்புக்கு என்றேன். புட்டியைக் கொடுக்குமுன் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையைக் குறைசொல்ல மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். குடிக்கும் சாராயத்திலிருந்து அதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதன் சுடரும் அப்படித்தான், காட்டிக்கொள்ளாது.

அலங்காரத்தைக் கழித்துவிட்டால் கவிதை எல்லோருக்கும் எளிதாகிவிடும் என்று சொல்கிற நண்பர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. கழிக்கப்பட்ட ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. அந்த வேலை இல்லாமல் போவதில்லை; யாராவது ஒருவர் தலையில் விழுகிறது. திருகு செய்த வேலையை இங்கே அளவு செய்கிறது, மஞ்சள் சுடர் செய்த வேலையை உள்ளங்கை செய்கிறது. எழுதுகிறவன் முன்கூட்டியே அளந்திருக்க வேண்டும். வாசகனும் கை நீட்டிப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் மிஞ்சுவது வெறும் டப்பா.