புருஷனையும் கூட்டிட்டு வாங்க!

ஆபீஸில் எனக்கு 'கணக்குப் புலி' என்று பெயர். எந்த வவுச்சரில் எந்த ஐந்து ரூபாய் விட்டுப் போனது என்று சாயந்திரக் காபிக்குள் கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட புலி, சொந்த வீட்டுக் கணக்கில் விட்ட ஓட்டையை ஒரு வருஷம் கழித்து ஒரு லேடி டாக்டர் கண்டுபிடித்தார். அந்தக் கதைதான் இது. பெயர், ஊர் எல்லாம் வேண்டாம், சார். மாமனார் இந்தப் பத்திரிகையை அட்டை டு அட்டை படிப்பவர்.

2018 பிப்ரவரி. ஆடிட்டுக்காக வெளியூரில் பன்னிரண்டு நாள் லாட்ஜ் வாசம். எனக்கு ஜூனில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. கூட வந்தவர், "கால்கட்டு போடறதுக்கு முன்னாடி ஒருநாள் ஜாலியா இருப்பா" என்றார். நான் என்ன பச்சைக் குழந்தையா, அவர்மேல் பழியைப் போட? போனேன். ஆணுறை பர்ஸிலேயே இருந்தது. பர்ஸிலேயே பத்திரமாகத் திரும்பியும் வந்தது!

நாலாம் நாள் பாத்ரூமில் கண்ணில் தண்ணீர் வந்தது. நீர் போகிற இடத்தில் மிளகாய்ப் பொடி தூவிய மாதிரி எரிச்சல். ஜட்டியில் மஞ்சளாகக் கறை. நேரே மெடிக்கல் ஷாப். கூட்டம் கலைகிறவரை இருமல் மிட்டாய் வாங்கி நின்றுகொண்டிருந்துவிட்டு, விஷயத்தைக் கிசுகிசுத்தேன். கவுண்டரில் இருந்தவர் சிரிக்காமல் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை மூணு நாளைக்கு நறுக்கிக் கொடுத்தார். பத்து நாளில் எரிச்சல் போச்சு. "பொம்பளைச் சீக்கு, விட்டுது சனியன்" என்று நினைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவ உட்கார்ந்துவிட்டேன்.

பொம்பளைச் சீக்கு! நம்ம ஊர் ஆம்பிளைங்க வைத்த பேரைப் பாருங்க. கொண்டுபோய்ச் சேர்க்கிறது யாரு, பேர் யாருக்கு?

கல்யாணம் ஆச்சு. அந்தத் தீபாவளி சமயத்தில் மனைவி தயங்கித் தயங்கி, "என்னங்க, வெள்ளைப்படுது. அடிவயிறும் ஒரு மாதிரி இழுக்குது" என்றாள். நான் பதறவே இல்லை. பதற வேண்டியவன் நான்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அத்தைக்கு ஃபோன் போச்சு. "உடம்பு சூடு மாப்பிள்ளை" என்று தீர்ப்பு வந்தது. ஊறவைத்த வெந்தயம், நீராகாரம், வெண்பூசணிச் சாறு, சோற்றுக் கற்றாழை என்று வரிசையாகப் பார்சல் வந்தது. வீடே நாட்டு மருந்துக் கடை மாதிரி மணத்தது.

அப்புறம் பக்கத்துத் தெரு டாக்டரிடம் இரண்டு தடவை போனாள். அவர் நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பூஞ்சைக்கு ஒரு மாத்திரை எழுதினார். வெள்ளைப்படுகிற இடத்தை யாரும் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை, இவளும் காட்டவில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்ஃபோனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைந்தது அந்தப் பெஞ்ச் வரைக்கும் போன நல்ல புருஷன் என்று எனக்கு ஒரு மெடல் வேறு நானே குத்திக்கொண்டேன்.

2019 மார்ச்சில் ஒரு ராத்திரி காய்ச்சல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். மறுநாள் லீவு கேட்டபோது எங்கள் செக்ஷன் மேடம் விவரம் விசாரித்துவிட்டு, "வெந்தயமா? என்ன மனுஷன்யா நீ! பெரியாஸ்பத்திரியில சுகவாழ்வு மையம்னு ஒண்ணு இருக்கு. அங்க லேடி டாக்டர் இருக்காங்க, காசு கிடையாது. இன்னிக்கே போ" என்று விரட்டினார். சுகவாழ்வு மையம் என்றால் யோகா கிளாஸ் என்று நினைத்துத்தான் போனேன். போர்டில் சின்ன எழுத்தில் 'பால்வினை நோய்' என்று இருந்தது. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டேன்.

டாக்டர் அம்மா முதலில் என்னை வெளியே அனுப்பினார். "அவங்ககிட்ட தனியாப் பேசணும்." அரைமணி நேரம். உள்ளே என்ன நடந்தது என்று அவள் பிற்பாடு சொன்னாள். மாதவிலக்கு எப்போது, வெள்ளை என்ன நிறம், நாற்றம் உண்டா, அரிப்பு உண்டா, சேர்ந்திருக்கும்போது வலிக்குதா, நடுவில் ரத்தம் படுதா என்று வரிசையாகக் கேள்வி. முதல் காரியமாகக் கர்ப்பமா என்று சிறுநீர் டெஸ்ட். கரு குழாயிலேயே தங்கிவிட்டாலும் இப்படித்தான் அடிவயிறு வலிக்குமாம், உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் இல்லை.

அப்புறம் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கருப்பை வாயைப் பார்த்திருக்கிறார். சிவந்து, சீழ் மாதிரி கசிந்துகொண்டிருந்ததாம். பஞ்சுக் குச்சியில் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்பினார். ஒரு காகிதப் பட்டையில் தொட்டு அமிலத்தன்மை பார்த்தார். கையுறை போட்டு விரலால் கருப்பை வாயை லேசாக அசைத்ததும் இவள் கத்திவிட்டாள். வெளியே பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. அன்றைக்கு ஸ்கோர் பார்க்கவில்லை.

"இதெல்லாம் வலிக்காம மெதுவா, ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்லிச் சொல்லிச் செஞ்சாங்க. இத்தனை நாள் ஒருத்தரும் பாக்கலையேன்னு அழுகையா வந்துது" என்றாள்.

பிறகு என் முறை. அவளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, டாக்டர் என்னை உட்காரச் சொன்னார்.

"கருப்பை, கருக்குழாய் வரைக்கும் கிருமி ஏறியிருக்கு தம்பி. ரிப்போர்ட் வரட்டும்னு காத்திருந்தா குழாய் கெட்டுப்போகும். அதனால மருந்து இன்னிக்கே ஆரம்பிக்கறேன். உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்!"

"முன்னாடி எப்பவாவது நீர் போறப்ப எரிச்சல்?"

திருதிரு என்று முழித்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தபடி லாட்ஜிலிருந்து மெடிக்கல் ஷாப் வரை ஒப்பித்தேன். அவர் முகம் சுளிக்கவும் இல்லை, அட்வைஸ் பண்ணவும் இல்லை. ஒரு பேப்பரில் படம் போட்டு விளக்கினார்.

கொனோரியா, கிளமிடியா என்று இரண்டு கிருமி. பல சமயம் ஜோடியாகவே வரும். நான் விழுங்கிய மாத்திரைக்கு நம்ம நாட்டில் கொனோரியா ரொம்ப நாளாகவே பணிவதில்லை. ஆனால் அது தானாகவே எரிச்சல் அடங்கி, போய்விட்ட மாதிரி நாடகம் ஆடும். கிளமிடியா அதைவிடக் கள்ளன். ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கு அறிகுறியே காட்டாது. பெண்களில் பெரும்பாலோருக்குக் காட்டாது. சத்தம் போடாமல் மேலே ஏறிக் கருக்குழாயில் தழும்பு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துக் 'குழந்தை இல்லை' என்று கோயில் கோயிலாகச் சுற்றும்போதுதான் தெரியவரும்.

"வெள்ளைப்பட்டாலே இந்த வியாதின்னு அர்த்தம் இல்லை" என்றும் சொன்னார். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தயிர்த் திப்பி மாதிரி வந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. மீன் நாற்றம் என்றால் பெரும்பாலும் அங்கே இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியா குறைந்துபோன கோளாறு. இரண்டும் யாரிடமிருந்தும் ஒட்டியதாக இருக்க வேண்டியதில்லை. இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைக் குறுக்கு விசாரணை செய்கிற ஆசாமி இருந்தால், அவர் முதலில் தன் பழைய டூர் டைரியைப் புரட்டட்டும்.

மருந்து வந்தது. அரசாங்க மையத்தில் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு நிறத்தில் மாத்திரைப் பொட்டலம். அடிவயிற்று வலிக்கு மஞ்சள். துணைவருக்குச் சாம்பல். அவள் கையில் மஞ்சள், என் கையில் சாம்பல்! பொருத்தமாகத்தான் அரசாங்கம் நிறம் பார்த்திருக்கிறது. எனக்கு ஒரே வேளை. அங்கேயே டம்ளரில் தண்ணீர் கொடுத்து, கண்ணெதிரே முழுங்க வைத்தார்கள். தப்பு பண்ணியவனுக்கு ஒரு வேளை. அவளுக்குப் பதினாலு நாள், காலை மாலை. வாயெல்லாம் கசப்பு, குமட்டல். வலி போய்விட்டது என்று நாலாம் நாள் நிறுத்திவிடக் கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். மூணாம் நாள் கட்டாயம் வந்து காட்டச் சொன்னார்கள். குறையவில்லை என்றால் அட்மிஷன். இரண்டு பேர் கோர்ஸும் முடிகிறவரை சேரக் கூடாது. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் கிருமி இங்கேயும் அங்கேயும் பூப்பந்து விளையாடும்.

அதே வளாகத்தில் நம்பிக்கை மையத்தில் இருவருக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட், கூடவே சிஃபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். ரிசல்ட் வருகிறவரை எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றுக்கும் தேங்காய் நேர்ந்தேன். இரண்டும் இல்லை. வெளியே லேபில் காசு கட்டிச் செய்த கிளமிடியா டெஸ்ட் ஐந்து நாளில் வந்தது. அது இருந்தது.

"யார்கிட்ட இருந்து யாருக்கு வந்துதுன்னு நான் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்லை. சொல்ல வேண்டியவர் நீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ராத்திரி, அடுக்களையில். அவள் மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். பறக்கவில்லை. மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நான்தான் ஏதோ சுத்தமில்லாம இருந்துட்டேனோன்னு அஞ்சு மாசமா நாளைக்கு மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டு இருந்தேங்க" என்றாள்.

எனக்கு வாயடைத்துப் போச்சு. சோப்புப் போட்டு உள்ளே கழுவுவது இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் ஓட்டிவிடும் என்று அன்று காலைதான் டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணுக்கு யாரு மாத்திரை வாங்கிக் கொடுத்திருப்பா?" என்று கேட்டாள். இன்றுவரை என்னிடம் இதற்குப் பதில் இல்லை.

மறுநாள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மூணாம் நாள் செக்கப்புக்கு அங்கிருந்தே பஸ்ஸில் வந்தாள், என்னுடன் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாள். இருபத்தொரு நாள். அத்தையிடம் என்ன சொன்னாளாம்? "உடம்பு சூடு!"

திரும்பி வந்தது எனக்காகவா, சாலரி அக்கவுண்டுக்காகவா, ஊர் வாய்க்குப் பயந்தா என்று நான் கேட்கவில்லை. ஜூனில் மறுபடி டெஸ்ட். கிருமி தொற்று மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் மூணு மாசத்தில் பார்ப்பது வழக்கமாம். இரண்டு பேருக்கும் இல்லை. 2020-ல் கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம் திறந்திருந்தது. இடது பக்கம் அடைப்பு. அந்த அடைப்பு என் கையெழுத்து.

2021-ல் நாள் தள்ளியதும் ஆறாவது வாரமே ஸ்கேனுக்கு ஓடினோம். தழும்பு விழுந்த குழாயிலேயே கரு தங்கிவிடும் பயம். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டி, "கருப்பைக்குள்ளதான் இருக்கு" என்றார். அவள் அப்போதுதான், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தானாக என் கையைப் பிடித்தாள். அதுவும் இறுக்கி, நகம் பதிகிற மாதிரி. மகள் 2022-ல் பிறந்தாள்.

2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் கிளமிடியா, கொனோரியா, சிஃபிலிஸ், டிரைக்கோமோனாஸ் என்ற இந்த நாலும் சேர்ந்து 37 கோடிக்கு மேல் புதிதாகத் தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனக் கணக்கு. நாலும் மருந்துக்குக் கட்டுப்படுகிறவை. மெடிக்கல் ஷாப்பில் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு நிற்கிற தம்பி யாராவது இதைப் படித்தால், 1097 என்ற இலவச நம்பர் இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை இப்போதும் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் மறக்காமல் வெந்தயம் கொண்டுவருகிறார். "பொண்ணுக்குச் சூட்டு உடம்பு, மாப்பிள்ளை." ராத்திரி ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் நான்தான் சாப்பிடுகிறேன். மனைவி எதிரே நின்று, கிண்ணம் காலியாகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போவாள்.